பில்லில் இருந்து பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

கேள்வி: வேலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் நானும் என் கணவரும் மருந்துக் கடை நடத்துகிறோம். அவர் பார்மசிஸ்ட். பில் போடுவதும் கணக்கு பார்ப்பதும் என் வேலை. அண்மையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தினர் வந்தார்கள். பில் போடும் மென்பொருளை இலவசமாகத் தருவார்களாம், மாதம் ஒரு தொகையும் தருவார்களாம். பதிலுக்கு எங்கள் பில் விவரங்கள் அவர்களுடைய சர்வருக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாடிக்கையாளரின் பெயரையும் ஃபோன் எண்ணையும் நீக்கிவிட்டுத்தான் எடுப்போம் என்கிறார்கள். கணவருக்குச் சம்மதம். எனக்கு உறுத்துகிறது. சென்ற ஆண்டு எங்கள் மருமகள் முதல் ஸ்கேன் எடுத்து வந்த அதே வாரத்தில், குழந்தைப் பொருள் விற்பவர்களும் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமித்து வைக்கும் வங்கிக்காரர்களும் அவளை ஃபோனில் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். உறவினர்களிடமே நாங்கள் அப்போது சொல்லியிருக்கவில்லை. அதையே இப்போது பிறருக்கு நாங்கள் செய்யப் போகிறோமா? ஆனால் கணவர் கேட்பதிலும் நியாயம் தெரிகிறது: "எல்லாரும் விவரம் தரமாட்டேன் என்று நின்றால், எந்த ஊரில் எந்த நோய் பரவுகிறது என்று யாருக்குத் தெரியும்? மருந்து எப்படி வரும்?" எங்கே கோடு போடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஊர், தெரு, கடையின் பெயர் மூன்றும் இருந்தன. மூன்றையும் எடுத்துவிட்டேன். உங்கள் சம்மதத்துடன் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை மாற்றாமல் அச்சிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாலுகா ஊர், கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் கடை, கணவரே பார்மசிஸ்ட், சென்ற ஆண்டு கருவுற்ற மருமகள். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் காலை டீக்கடையில் இதைப் படித்திருந்தால், டீ ஆறுவதற்குள் உங்களைக் கண்டுபிடித்திருப்பார். கடிதத்தில் உங்கள் பெயரே இல்லை என்பது அவருக்கு ஒரு தடையாக இருந்திருக்காது.

அந்த நிறுவனம் தரும் வாக்குறுதியும் இந்த அளவுக்குத்தான் பெறும். பெயரை நீக்குவதாகச் சொல்வதில் பொய் இருக்காது. ஆனால் பெயர் போன பிறகும் பில்லில் என்னென்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்: தேதி, நேரம், மருந்து, எத்தனை அட்டை, எழுதிய மருத்துவர், பணம் கட்டிய விதம். புள்ளிக் கோலம் போட்டு முடித்தபின் புள்ளிகளை மட்டும் அழித்துப் பாருங்கள், எந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று சுற்றியுள்ள கோடுகளே சொல்லிவிடும். ஃபோலிக் அமிலம், வாந்தியை நிறுத்தும் மாத்திரை, புரோஜெஸ்டிரோன் மூன்றும் ஒரே பில்லில் இருந்தால், வீட்டில் யாரோ ஒருவர் கருவுற்ற முதல் மாதங்களில் இருக்கிறார் என்று உங்கள் கடைப் பையனுக்கே தெரியும். கணினிக்கும் தெரியும். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து விற்கிறது என்பதைக் கோடிக்கணக்கான பில்களில் இருந்து வேகமாகப் பிரித்தெடுக்கும் வழிமுறையை ராகேஷ் அகர்வால், ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். தரவு அகழ்வு என்று இன்று சொல்வதில் ஒரு பகுதி இந்த வகை வேலைதான். அதில் மாயம் ஒன்றும் இல்லை. சேர்ந்து வருவதை எண்ணுகிறார்கள், அவ்வளவே.

"பெயர் தெரியாமல் எண்ணினால் யாருக்கு என்ன?" என்று உங்கள் கணவர் கேட்கலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில அரசும் 1990களில் அப்படித்தான் நினைத்தது. அரசு ஊழியர்களின் மருத்துவமனை விவரங்களைப் பெயர், முகவரி நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்றும் அதில் மிஞ்சியிருந்தன. லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி மாநில ஆளுநர் குடியிருந்த ஊரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவ விவரமே கையில் கிடைத்துவிட்டது. இந்த மூன்று விவரங்களை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்தனியாக அடையாளம் காண முடியும் என்று ஸ்வீனி பிறகு கணக்கிட்டுக் காட்டினார். நம் ஊரில் 20 டாலரும் வேண்டாம். வாக்குச்சாவடி வாரியாகப் பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண் எல்லாம் உள்ள பட்டியலைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

பெருநகரத்தில் கூட்டமே ஒரு மறைப்பு. தாலுகா ஊரில் அது கிடையாது. மனநோய்க்கு லித்தியம் மாத்திரை வாங்குபவர்கள் உங்கள் கடையில் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்.

இனி உங்கள் கணவரின் பக்கத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதை ஒதுக்க முடியாது. வேலூரில் இருந்துகொண்டு ஒதுக்கவே கூடாது.

1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். பரிசோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லாததால் மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தன. எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பது முதலில் தெரிந்தது இங்கேதான். அந்தச் சோதனை நடந்திராவிட்டால் நாடு இன்னும் சில ஆண்டுகள் "இது நம் நோய் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கும். ஆகவே விவரம் திரட்டியது சரி, தேவையானது. ஆனால் நாட்டுக்கு அன்று வேண்டியிருந்தது என்ன? தொற்று இருக்கிறதா, எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு. அந்தப் பெண்கள் யார், எந்தத் தெரு என்பது கொள்கை வகுப்பவர் எவருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாத அந்தப் பாதி வெளியே கசிந்த இடங்களில் எல்லாம் மனிதர்கள் வாடகை வீட்டை இழந்தார்கள், வேலையை இழந்தார்கள். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017 இல் தனிச் சட்டமே வர வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் வேலூரில் நடந்ததுதான். 2002 முதல் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயதுவரை பின்தொடர்ந்து ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை ஆராய்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கே போனார்கள். ஒரு குழந்தையின் வயிற்றுப்போக்கைக் கூட எழுதி வைத்த ஆய்வு அது. அந்தரங்கம் என்று பார்த்தால் உங்கள் பில்லைவிட எத்தனையோ மடங்கு. மேலைநாட்டு மதிப்பீடுகளை இங்கே அப்படியே நம்ப முடியாது, ஒருமுறை இயற்கையாகத் தொற்றினால் நம் குழந்தைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறைவு என்று அந்த ஆய்வு காட்டியது. பிறகு இந்தியாவிலேயே உருவான தடுப்பூசியின் பெரிய பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் ரோட்டா தடுப்பூசி தேசியத் திட்டத்தில் இருக்கிறது. உங்கள் பேரக் குழந்தைக்கும் அதைப் போட்டிருப்பார்கள்.

இப்போது அந்தத் தாய்மார்களையும் உங்கள் மருமகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரு தரப்பிடமும் உடல்நலத் தகவல் எடுக்கப்பட்டது. அங்கே கேட்டவர் யார் என்று தெரியும், எதற்கு என்று தெரியும், சம்மதம் கேட்டார்கள், வாசலில் வந்து நிற்கும் முகமும் தெரியும். எடுத்த தகவல் குழந்தைகள் எல்லாரையும் பற்றிய ஒரு முடிவாகத் திரும்பியது. உங்கள் மருமகளிடம் எடுத்தது அவளையே தேடி, அவள் ஃபோனுக்கே, விற்பனையாகத் திரும்பியது. என் தொழிலில் கடை, கிளினிக், ஆய்வகம் எங்கே தணிக்கைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இங்கிருந்து போகும் தகவல் எண்ணிக்கையாக முடிகிறதா, அல்லது ஆளைத் தேடித் திரும்பி வருகிறதா? நீங்கள் கேட்ட கோட்டை நான் அங்கேதான் போடுவேன். சேகரிப்பதா வேண்டாமா என்ற இடத்தில் போட மாட்டேன்.

சட்டமும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதன் வழியில் 2023 இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் அது விலக்கு தருகிறது. ஆனால் அந்தத் தகவலை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. சட்டத்துக்குள்ளேயே எடுத்துக்காட்டாக ஒரு மருந்துக் கடையும் வருகிறது! வாடிக்கையாளர் ஒருவர் தானாகவே எண்ணைக் கொடுத்து, பணம் பெற்றதற்குக் குறுஞ்செய்தி அனுப்பச் சொல்கிறார். அந்தச் செய்தியை அனுப்ப அந்த எண்ணைக் கடைக்காரர் பயன்படுத்தலாம். அந்த வேலைக்கு மட்டும். இந்தச் சட்டத்தில் எனக்குக் குறைகளும் தெரிகின்றன. அரசு அமைப்புகளுக்கு அது வைத்திருக்கும் விலக்குக் கதவு மிகவும் அகலம். அது வேறு ஒரு நாளைக்கு உரிய விஷயம்.

இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அறிவித்த அட்டவணைப்படி நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். "அதுவரை ஒன்றும் இல்லை" என்று அந்த நிறுவனத்தார் சொன்னால் நம்ப வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழ் வந்த 2011 விதிகளும் இருக்கின்றன. உடல்நல நிலை, மருத்துவ ஆவணம் இரண்டும் அதில் கூருணர்வுத் தகவல், அதாவது தனிக் கவனத்தோடு காக்க வேண்டியவை. உரியவரின் அனுமதி இல்லாமல் பிறருக்குத் தரக் கூடாது. பெரிய கம்பெனிகள் மட்டுமல்ல, தனி உரிமையாளர் நடத்தும் கடையும் அந்தப் பிரிவுக்குள் அடங்கும்.

உங்கள் கணவருக்கு நினைவிருக்கும், கடையில் ஏற்கெனவே சட்டப்படி விவரம் திரட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மருத்துவர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய, கூடுதல் கட்டுப்பாடு உள்ள அட்டவணை எச்1 மருந்துகளுக்கு 2014 மார்ச் முதல் தனிப் பதிவேடு: நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு, மூன்று ஆண்டு பாதுகாப்பு. காசநோய் மருந்து விற்றால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 இல் ஆணை வந்தது. ஆன்டிபயாட்டிக் வீணாகாமல் காக்கவும், சிகிச்சையைப் பாதியில் விட்டவரைத் தேடிப் பிடித்துக் குணமாக்கவும் ஏற்பட்ட ஏற்பாடுகள் இவை. காசநோயில் தகவல் ஆளைத் தேடித்தான் வருகிறது. ஆனால் அவருடைய நன்மைக்கு, சட்டத்தின் பொறுப்பில், கேள்வி கேட்கக்கூடிய ஓர் அலுவலரிடம் இருந்து வருகிறது. அந்தப் பதிவேடு எந்த நிலையிலும் மென்பொருள் நிறுவனத்தின் சர்வருக்குப் போகக் கூடாது. பில்லும் எச்1 பதிவேடும் ஒரே மென்பொருளில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

இனி நிறுவனத்தாரிடம் பேசும் விதம். கையெழுத்துப் போடும் முன், பெயர் நீக்கிய பின் அவர்கள் எடுக்கப்போகும் கோப்பை ஒரு வாரத்து விற்பனைக்குத் தயாரித்துக் காட்டச் சொல்லுங்கள். இரவு கடை சாத்திய பிறகு நீங்களும் கணவரும் அதை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எத்தனை வரிகளில் "இது இன்னார்" என்று உங்களால் சொல்ல முடிகிறது? பத்து வரி தேறினாலும் அது பெயர் நீக்கிய கோப்பு இல்லை. உங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் வாதிடலாம். அவர்களிடம் வேறு நூறு கடைகளின் பில் இருக்கும், வேறு பட்டியல்களும் இருக்கும். வெல்டின் கதையில் தவறு நடந்தது ஒரு பட்டியலால் இல்லை, இரண்டு சேர்ந்ததால்.

பிறகு இதைக் கேளுங்கள்: "பில் பில்லாக வேண்டாம், வாரக் கடைசியில் எந்த மருந்து எத்தனை அட்டை விற்றது என்ற கூட்டுத்தொகை மட்டும் தருகிறோம். பத்துக்குக் குறைவாக விற்றவற்றைப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். சம்மதமா?" காய்ச்சல் மாத்திரை விற்பனை திடீரென்று ஏறுகிறதா, நீரிழிவு மருந்து எந்த ஊரில் எவ்வளவு போகிறது என்பதை அறிய அந்தக் கூட்டுத்தொகை போதும். கணவர் சொல்லும் பொதுநன்மை முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஒப்புக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள்.

எனக்கு என்னவோ அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று தோன்றவில்லை. இந்தச் சந்தையில் விலை போவது நோய் பற்றிய அறிவு குறைவு, எந்த மருத்துவர் எந்தக் கம்பெனி மருந்தை எழுதுகிறார் என்பது அதிகம். ரெப் எனப்படும் விற்பனைப் பிரதிநிதிகளை எந்த வாசலுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்ய அது உதவும். அமெரிக்காவில் மருந்துக் கடைகளிடம் இருந்து இப்படி வாங்கி விற்பது பெரிய தொழில். விற்பனைக்காக அந்த விவரத்தைக் கைமாற்றக் கூடாது என்று வெர்மான்ட் மாநிலம் ஒரு சட்டம் போட, அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2011 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. கூட்டுத்தொகை வேண்டாம் என்று அவர்கள் மறுத்தால், வாங்க வந்தது எதை என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

"எல்லாரும் மறுத்தால்" என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. ஆளை அறியாமலேயே கூட்டத்தை அறிய வழி இருக்கிறது. ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965 இல் சொன்னது. நூறு தொழிலாளர்களிடம் "மது அருந்துகிறீர்களா?" என்று கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டட்டும். பூ விழுந்தால் "ஆம்" என்றே சொல்ல வேண்டும், தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அறுபது பேர் "ஆம்" என்றால், சுமார் ஐம்பது பேர் நாணயத்தால் சொன்னவர்கள். மீதிப் பத்துப் பேர் உண்மை சொன்ன ஐம்பதில் வருகிறார்கள், அதாவது ஐந்தில் ஒருவர். "ஆம்" என்ற எவரையும் குடிப்பவர் என்று சுட்ட முடியாது, ஆனால் ஊர்க் கணக்கு கிடைத்துவிட்டது. வார்னர் சொன்ன நுணுக்கம் சற்று வேறு, இது அதன் எளிய வடிவம். இதே எண்ணத்தை வளர்த்துத்தான், மேலே சொன்ன அகர்வாலும் ஸ்ரீகாந்தும் 2000 ஆம் ஆண்டில் அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே தரவு அகழ்வது எப்படி என்று எழுதினார்கள். கருவியைச் செய்தவர்களே அதற்கு உறையும் செய்தார்கள். உறையைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்.

கடைக்குள்ளேயே சில காரியங்கள் இருக்கின்றன. உண்மையில் எனக்கு அந்த நிறுவனத்தைவிட இவைதான் அதிகக் கவலை தருகின்றன. மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும் வழக்கம் எல்லாக் கடையிலும் வந்துவிட்டது. அந்தக் கடை ஃபோன் யார் கையில் இருக்கிறது? மாலையில் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் கையில். படங்கள் ஃபோனின் கேலரியில் தானாகச் சேர்ந்து, அங்கிருந்து யாருடைய இணையக் கணக்கிலோ ஏறிக்கொண்டிருக்கும். தானியங்கிச் சேமிப்பை நிறுத்துங்கள், மருந்து கொடுத்ததும் படத்தை அழியுங்கள். பில் போடும்போது எண் கேட்டால் "கட்டாயமில்லை" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண் தராவிட்டால் பொருள் இல்லை என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மாத்திரை தீரும் முன் நினைவூட்ட எண் வேண்டும் என்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் அதை விரும்பவே செய்வார்கள். கடைசியாக, கூட்டமாக ஆட்கள் நிற்கும்போது மருந்தின் பெயரைப் பின்கட்டுக்கு உரக்கக் கூவ வேண்டாம். அதற்கு எந்தச் சர்வரும் தேவையில்லை.

மருமகள் விஷயத்தில், எங்கே கசிந்தது என்று உறுதியாகக் கண்டுபிடிப்பது கடினம். கருவுற்ற பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தாலே சட்டப்படி அவள் விவரங்களோடு எஃப் படிவம் நிரப்ப வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்காக ஆர்.சி.எச். என்ற தாய்-சேய் நலப் பதிவு எண் பெற அரசுத் தளத்தில் பதிய வேண்டும். வாரம் வாரம் குழந்தை வளர்ச்சி காட்டும் செயலி எதையாவது அவள் இறக்கியிருந்தால் அதுவும் ஒரு வாசல். இனி அழைப்பவரிடம் "எண் எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டுத் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். 1909க்கு அழைத்து விளம்பர அழைப்புகளைத் தடுக்கப் பதிவு செய்யுங்கள், அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் அங்கேயே புகாரும் கொடுக்கலாம். ஸ்கேன் மையத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, அவளுடைய விவரம் யாருக்கெல்லாம் தரப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

நிறுவனத்தின் ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அதில் மூன்று இடங்களைத் தேடுங்கள். தகவலை "குழும நிறுவனங்களுக்கும் கூட்டாளிகளுக்கும்" தரலாம் என்று வரும் வரி. வேறு தகவலோடு சேர்த்து ஆராயலாம் என்று வரும் வரி. ஒப்பந்தம் முறிந்தால் பழைய பில்களை என்ன செய்வார்கள் என்ற வரி. மூன்றாவது பெரும்பாலும் இருக்காது, எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டையும் அடிக்கச் சொல்லுங்கள். புதிய சட்டப்படி உங்கள் சார்பாகத் தகவலைக் கையாள்பவர் தவறு செய்தாலும் பொறுப்பு உங்கள் கடையின் தலையில்தான் விழும், அதை ஒப்பந்தத்தால் மாற்ற முடியாது. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு உச்ச அபராதம் 250 கோடி ரூபாய். ஒரு சிறு கடைக்கு அந்தத் தொகை வராது, ஆனால் பேச்சுவார்த்தையில் அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அடிக்க மறுத்தால் மென்பொருளைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கங்களை மட்டும், கடையின் பெயரை மறைத்து, படி எடுத்து எனக்கு அனுப்பினால் வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.